பழகிப்போவது பொறுமையன்று

சென்ற ஆண்டுத் தவக்காலத்தின் ஒரு ஞாயிறு. சாத்தாங்காட்டில் எங்கள் சிற்றாலயத்தில் திருப்பலி முடிந்து, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு தொடங்கியிருந்தது. தந்தையின் பணி மாற்றத்தால் தென் மாவட்டத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்திருந்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, மூக்கைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தாள். "தாத்தா, இங்க என்ன நாத்தம்?" என்று கேட்டாள். மற்றப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தனர். "எங்கே நாத்தம்? ஒண்ணுமில்லையே!" என்றான் ஒரு சிறுவன். அவன் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவன் மூக்குக்கு எதுவும் தெரியவில்லை.

நான் அச்சிறுமியின் தலையைத் தடவி, "ரெண்டு வாரம் போனா பழகிடும்மா" என்றேன்.

வீடு திரும்பிய பிறகு அந்தச் சொல் என்னை உறுத்தியது. ஒரு குழந்தை உண்மையைச் சொன்னாள். எழுபது வயதைத் தாண்டிய நானோ, அந்த உண்மையை மறக்கும் வழியை அவளுக்கு மறைக்கல்வி வகுப்பிலேயே கற்பித்தேன். "பழகிடும்" என்ற அந்தச் சொல்லோடு வழக்காடவே இக்கட்டுரையை எழுதுகிறேன். அது என் வாயிலிருந்து வந்த சொல்லாதலால், இவ்வழக்கில் முதல் குற்றவாளி நானே.

எங்கள் ஊரை அறியாத வாசகருக்குச் சில சொற்கள். மேற்கே மணலித் தொழிற்பேட்டை, கிழக்கே திருவொற்றியூர், வடக்கே எண்ணூர். இவற்றுக்கு நடுவே இருக்கிறது சாத்தாங்காடு. வெளியூரார் இதை அறிந்திருந்தால், இங்குள்ள இரும்புச் சந்தையால் அறிந்திருப்பர். பாரிமுனைத் தெருக்களில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த இரும்பு வணிகத்துக்கென அமைக்கப்பட்ட சந்தை அது. நாள் முழுவதும் கம்பி ஏற்றிய லாரிகள் போய்வரும். பகலில் கடற்காற்று வீசும்போது மூச்சுவிடலாம். இரவானால் காற்று திரும்பும். தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் அந்த மேல்காற்று, மணலியின் ஆலைகளைக் கடந்தே எங்கள் சன்னல்களுக்கு வருகிறது. சில இரவுகளில் அழுகிய முட்டை நாற்றம். சில விடியற்காலைகளில் கண்ணைக் கரிக்கும் ஒரு நெடி. சன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறோம். "அருள் நிறைந்த மரியே" சொல்லும்போதுகூட இருமிக்கொண்டே சொல்லப் பழகிவிட்டோம்.

இது வெறும் மூக்கின் குறை என்று எவரும் எண்ண வேண்டா. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009ஆம் ஆண்டில் நாட்டின் தொழிற்பகுதிகளை அளந்து மதிப்பெண் இட்டது. 70ஐத் தாண்டியவை மிகக் கடுமையாக மாசடைந்தவை எனப்பட்டன. மணலி பெற்றது 76.32. பின்னர் 2018இல் மீண்டும் அளந்தபோது அது 84.15 ஆக உயர்ந்தது. பள்ளியில் பிள்ளை கூடுதல் மதிப்பெண் பெற்றால் மகிழ்கிறோம். இந்த மதிப்பெண் கூடியபோது எத்தனை வீடுகளில் அதைப் பற்றி ஒரு சொல்லேனும் பேசினோம்?

"மனித இயல்பு அப்படித்தான். மனிதன் எதற்கும் பழகிவிடுவான்" என்பார் நண்பர் ஒருவர். இது பாதி உண்மை. மூக்கின் இயல்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மணம் தொடர்ந்து வந்தால், சிறிது நேரத்தில் மூக்கு அதை அறிவிப்பதை நிறுத்திவிடும். புதிய செய்தி வந்தால் கவனிக்க வேண்டுமே என்பதற்காகப் படைப்பில் அமைந்த ஏற்பாடு அது. ஆனால் அதே மூக்கு ஏமாறவும் செய்யும். அழுகிய முட்டை நாற்றத்தைத் தரும் ஐதரசன் சல்பைடு என்னும் வாயு, மிகச் சிறிய அளவில் இருக்கும்போது நன்றாக மணக்கும். காற்றில் அதன் அளவு பத்து இலட்சத்தில் 100 பங்கை எட்டும்போதோ, மணத்தை அறியும் நரம்பையே அது செயலிழக்கச் செய்துவிடும். அதாவது, தொல்லை தரும் அளவில் இருக்கும்போது நாறும். கொல்லும் அளவை நெருங்கும்போது நாறாது. "நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்து நீங்கிவிட்டது" என்று நினைத்தவன் மீள்வதில்லை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் புதிதாய்ச் சேரும் தொழிலாளிக்கு முதலில் சொல்லித்தரும் பாடங்களில் இதுவும் ஒன்று.

மனச்சான்றுக்கும் இது பொருந்தும். முதல் பொய் நாறும். முதல் கையூட்டு நாறும். பத்தாவது நாறாது. அப்போது நாம் தூய்மையடைந்துவிட்டோம் என்பதன்று பொருள். நரம்பு செத்துவிட்டது என்பதே பொருள்.

நம் வீட்டுச் சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் பெரிதாக மணம் இல்லை. கசிந்தால் வீட்டார் அறிய வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளை அதில் கலந்து அனுப்புகிறார்கள். உயிரைக் காக்கவென்றே சேர்க்கப்பட்ட நாற்றம்! இறைவன் மனிதனுக்குள் மனச்சான்றை வைத்ததும் இதற்காகவே. மண்ணால் உருவாக்கிய மனிதனின் மூக்கு வழியாகவே ஆண்டவர் உயிர்மூச்சை ஊதினார் என்று தொடக்கநூல் கூறுகிறது. உயிர் நுழைந்த அந்த வாயிலைத்தான் நாம் "பழகிடும்" என்று சொல்லி அடைக்கிறோம்.

இனி என் கதையைச் சொல்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இப்பகுதியின் ஓர் ஆலையில் பணிபுரிந்தேன். அதன் பெயர் இங்கு வேண்டா. பல ஆலைகளுக்குப் பொருந்தும் கதைதான். இரவு ஷிப்டில் மணிக்கு ஒருமுறை கருவிகளைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. கடைசிக் கட்டத்தில் 'குறிப்பு' என்று ஓர் இடம் இருக்கும். ஏதேனும் கசிவு, நெடி, மாற்றம் இருந்தால் எழுத வேண்டிய இடம். நெடி கண்ணீர் வரவழைத்த இரவுகளிலும் அதில் நான் எழுதிய சொல் ஒன்றே: "இயல்பு." எவரும் என்னை மிரட்டவில்லை. எனக்கு முன்னிருந்தவர் அப்படி எழுதியிருந்தார், நானும் எழுதினேன். வேறு எழுதினால் கேள்வி வரும், காலையில் வீடு திரும்பத் தாமதமாகும், அவ்வளவுதான். அந்த நெடி மேல்காற்றோடு என் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. அங்கே என் மகன் மூச்சிரைப்போடு உறங்கிக்கொண்டிருந்தான். அவனை மருத்துவரிடம் அழைத்துச் சென்ற காலையில்கூட, இரவு நான் எழுதிய சொல் எனக்கு நினைவு வரவில்லை. மனித இயல்பைப் பற்றி எவரேனும் பெரிதாகப் பேசினால், அந்தப் பதிவேட்டின் கடைசிக் கட்டம்தான் எனக்குத் தெரிகிறது. இயல்பு என்று நாம் எழுதுவதில் எவ்வளவு இயல்பு, எவ்வளவு சோம்பல், எவ்வளவு அச்சம்?

பழகிப்போனவர்களுக்கு நேர்வது என்ன என்று வரலாறு காட்டியிருக்கிறது. போபாலின் ஆலை ஆபத்தானது என்று அவ்வூர்ச் செய்தியாளர் ஒருவர் 1982இலேயே எழுதி எச்சரித்தார். ஆலைக்குள் அதற்கு முன்பே கசிவில் ஒரு தொழிலாளி இறந்திருந்தார். சிறு கசிவுகளுக்கு ஊர் பழகியிருந்தது. 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவு கடந்து, புனித சவேரியாரின் திருநாளான 3ஆம் நாள் பிறந்த வேளையில், அந்த ஊர் உறக்கத்திலேயே மூச்சடைத்து மடிந்தது.

நம் வாசலுக்கே வருவோம். 2017 சனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கடலில் எண்ணெய் கொட்டியது. முதலில் சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு ஏதுமில்லை என்றார்கள். பிறகு கரைகளில் கருங்குழம்பு ஒதுங்கியது. இளைஞர்களும் தொழிலாளர்களும் அதை வாளிகளால் அள்ளினார்கள். நாடே பார்த்தது, வருந்தியது, மறந்தது. 2023 டிசம்பரில் மிக்சாங் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பெருகி, பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம்வரை சென்றது. வீடுகளின் சுவரில் வெள்ளம் நின்ற உயரத்தைக் கறுப்புக் கோடு காட்டியது. வலைகளும் படகுகளும் பாழாயின. கூழைக்கடாக்கள் எண்ணெயில் தோய்ந்து பறக்க மாட்டாமல் நின்றன. ஆறு ஆண்டுகள் கழிந்தும் அதே வாளி, அதே வெறுங்கை. மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாயும், பாதிக்கப்பட்ட பிற குடும்பங்களுக்கு 7,500 ரூபாயும் நிவாரணமாக அறிவிக்கப்பட்டன.

அதே மாதம் 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், நள்ளிரவை நெருங்கும் வேளையில், கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இருளில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அது முதல் மறைச்சாட்சி ஸ்தேவானின் திருநாள். 2004இல் கடல் பொங்கி நம் கரையோர மக்களை வாரிச் சென்ற நாளும் அதுவே. அன்று பகலில் இறந்தோருக்காக மெழுகுவத்தி ஏற்றியவர்கள், அன்றிரவே தம் உயிருக்காக ஓடினார்கள். அவர்களை ஓடவைத்தது இயற்கை அன்று. மனிதர் பதித்த குழாய். மனிதர் பார்த்திருக்க வேண்டிய குழாய். அங்கும் ஒரு பதிவேடு இருந்திருக்கும். அதன் கடைசிக் கட்டத்தில் என்ன எழுதப்பட்டிருக்குமோ என்று எண்ணி அன்றிரவு நான் உறங்கவில்லை.

நம் நம்பிக்கையின் பெயரால் சொல்லப்படும் மறுமொழிகளை இனி எடுத்துக்கொள்வோம். எனக்கு அதிகம் வலிப்பவை இவையே.

"துன்பங்களைச் சிலுவையாக ஏற்க வேண்டும்" என்கிறோம். உண்மை. ஆனால் எந்தச் சிலுவையை? ஆண்டவர் தம் சிலுவையைத் தாமே, அன்பினால், பிறரது மீட்புக்காகச் சுமந்தார். வேறொருவர் இலாபத்துக்காக, அறியாத குழந்தையின் நுரையீரலின்மேல் ஏற்றப்படும் சுமைக்கும் அதே பெயரைச் சூட்டலாமா? சிலுவையைச் சுமப்பது கிறிஸ்தவனின் வேலை. அயலாருக்குச் சிலுவை செய்து கொடுப்பது உரோமைப் படைவீரனின் வேலை. இரண்டும் ஒன்றாகிவிடா. மறுகன்னத்தைக் காட்டச் சொன்ன போதகர், என் கன்னத்தைத்தான் காட்டச் சொன்னார். என் அடுத்த வீட்டுப் பிள்ளையின் கன்னத்தை அன்று.

"யோபுவைப் போல் பொறுமையாய் இருங்கள்" என்கிறோம். யோபு நூலைத் திறந்து முழுவதும் படித்தவர்கள் இதைச் சொல்லத் தயங்குவார்கள். முதல் இரண்டு அதிகாரங்களில் அமைதியாய் இருக்கும் யோபு, மூன்றாம் அதிகாரத்திலிருந்து முறையிடுகிறார், வாதாடுகிறார், இறைவனையே வழக்குக்கு அழைக்கிறார். "எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது, நீ அடங்கியிரு" என்று விளக்கம் கூறியவர்கள் அவருடைய நண்பர்கள். நூலின் முடிவில் இறைவனின் சினம் யார்மேல் மூண்டது? முறையிட்ட யோபுவின்மேல் அன்று. விளக்கம் கூறிய நண்பர்கள்மேல். நாம் யோபுவின் பெயரைச் சொல்லிக்கொண்டு, அந்த நண்பர்களின் இருக்கையில் அமர்ந்திருக்கிறோம்.

வள்ளுவரும் இதைப் பிரித்து அறிந்தவர். பொறையுடைமையை இல்லறவியலில் வைத்தார். தனிமனிதன் தனக்குச் செய்யப்பட்ட பிழையைப் பொறுப்பது அது. கொடுங்கோன்மையைப் பொருட்பாலில், அரசியலில் வைத்துக் கண்டித்தார். ஊரார் மூச்சுக்கு ஏற்படும் கேட்டை இல்லறவியலில் கொண்டுபோய் வைத்துப் 'பொறுமை' என்று பெயரிட்டவர்கள் நாம்தான்.

இங்கே ஒரு நியாயமான குரல் எழும். "ஐயா, அந்த ஆலைகள்தாமே நமக்குச் சோறு போட்டன? உம் மகனைப் படிக்கவைத்ததும் அந்தச் சம்பளம்தானே?" ஆம். அதை மறுத்தால் நான் நன்றி கெட்டவன். திருவொற்றியூரிலும் மணலியிலும் எண்ணூரிலும் ஓட்டு வீடுகள் மாடி வீடுகளானதும், பெண்பிள்ளைகள் கல்லூரி வாசல் மிதித்ததும் ஆலைச் சங்கின் ஓசையைக் கேட்டு எழுந்த தகப்பன்மாரால்தான். ஆலைகள் இல்லாத காலத்துக்குத் திரும்புவோம் என்று நான் சொல்லவில்லை. நான் கேட்பது வேறு. சோறு வேண்டுமானால் மூச்சைக் கொடு என்று பேரம் பேசியது யார்? குழாயைச் சோதிப்பதும், வாயுவைக் கழுவி வெளியிடுவதும், எண்ணெயைத் தேக்கிப் பிடிப்பதும் அறிவியலுக்கு முடியாத செயல்களா? முடியும், பணம் செலவாகும். அச்செலவை ஆலை செய்யாதபோது அது மறைந்துவிடுவதில்லை. மீனவரின் கிழிந்த வலையிலும், என் மகனின் மருந்துச் சீட்டிலும் வேறு கணக்காக வந்து விழுகிறது. கூலி கொடுத்தவனுக்கு உயிரையும் விற்றுவிட்டோம் என்று எந்த மறையும் சொல்லவில்லை. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் தொழிலாளர் நிலைபற்றி எழுதிய சுற்றுமடல், உழைப்பவன் கருவியல்லன், மனிதன் என்பதையே வலியுறுத்தியது. 2025இல் பொறுப்பேற்ற புதிய திருத்தந்தை அதே பெயரைத் தேர்ந்துகொண்டபோது அந்த மடலை நினைவுகூர்ந்தார்.

"ஆலயத்தில் அரசியல் எதற்கு?" என்பது மற்றொரு குரல். கட்சி அரசியல் வேண்டா. நானும் அதை விரும்பேன். ஆனால் இங்கிருந்து சில கல் தொலைவில் இருக்கும் இராயபுரத்தை நினையுங்கள். அவ்வூரின் பெயரிலேயே இராயப்பர் இருக்கிறார். அவர் யார்? வலை வீசிப் பிழைத்த மீனவர். அங்கே அவர் பெயரால் எழுந்த ஆலயம், கடலோடு வாழ்ந்த மக்களின் உழைப்பால் உருவானது. மீனவரைத் தலைமைத் திருத்தூதராகக் கொண்ட திருச்சபை, மீனவரின் ஆறு எண்ணெயாக ஓடும்போது "இது நம் வேலையன்று" என்று சொன்னால், இராயப்பருக்கு முன்னால் எந்த முகத்தோடு மண்டியிடுவது?

நாம் ஒன்றும் செய்யாதவர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளத்தின்போது அன்பியங்கள் உணவுப் பொட்டலம் கட்டின. வின்சென்ட் தே பவுல் சபையார் இடுப்பளவு நீரில் அரிசி சுமந்தார்கள். அவர்கள் கால்தூசுக்கு நான் ஈடாகேன். ஆயினும் நல்ல சமாரியரின் உவமையை அவர்களோடு சேர்ந்தே மறுபடி எண்ணிப் பார்க்கிறேன். எரிகோ சாலையில் ஒருவன் அடிபட்டுக் கிடந்தான். சமாரியர் காயம் கட்டினார். அதே இடத்தில் ஆண்டுதோறும் ஒருவன் அடிபட்டுக் கிடந்தால்? எண்ணெயும் இரசமும் ஏந்திக்கொண்டு ஆண்டுதோறும் போவது மட்டுமே அன்பாகுமா? அந்தச் சாலைக்கு விளக்கு போடச் சொல்லிக் கேட்பதும், கள்வரை யார் ஏவினார் என்று வினவுவதும் அன்பின் பகுதியன்றோ? அரிசிப் பையைக் கொடுக்கையில் நன்றி கிடைக்கும். கேள்வி கேட்கையில் பகை கிடைக்கும். நாம் நன்றி கிடைக்கும் அன்பை மட்டும் தேர்ந்துகொண்டோம்.

இக்கால வாழ்வு நம்மை இன்னும் ஒரு படி கீழே இறக்கிவிட்டது. வசதி வந்தவன் சன்னலைச் சாத்தி ஏ.சி. போட்டுக்கொள்கிறான், கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறான், இன்னும் வசதி வந்தால் வீட்டை விற்றுத் தாம்பரம் பக்கம் போய்விடுகிறான். தனித்தனியே தப்பிப்பதைத்தான் முன்னேற்றம் என்கிறோம். என் மகனும் போய்விட்டான். அவனை நான் குறைகூறவில்லை. ஆனால் காற்று ஒன்றைத்தான் இறைவன் வேலி போட முடியாததாகப் படைத்தார். என் மூச்சு அயலான் மூச்சோடு கலந்தே இருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' மடலில், பூமியின் கூக்குரலும் ஏழைகளின் கூக்குரலும் வேறல்ல என்று காட்டினார். அம்மடலுக்கு நம் பங்குகளில் கருத்தரங்கு நடத்தினோம், மரக்கன்று நட்டோம், படம் எடுத்துக்கொண்டோம். கன்றுக்கு மேலே வீசிய காற்றைப் பற்றி யாரும் பேசவில்லை.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் வேண்டா. நான் பொய் எழுதிய பதிவேட்டுக்குப் பரிகாரமாக ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். நாள், மணி, காற்று வந்த திசை, நெடியின் தன்மை, அன்று யாருக்கு மூச்சுத் திணறியது, இவ்வளவே. எங்கள் அன்பியத்தில் நான்கு குடும்பங்கள் இப்போது எழுதுகின்றன. மணலியில் காற்றை அளக்கும் நிலையங்களின் எண்களோடு ஒப்பிட்டு, மாதந்தோறும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புகிறோம். பதில் வரலாம், வராமலும் போகலாம். குறைந்தது, 'இயல்பு' என்ற சொல்லை இனி நாங்கள் எழுதமாட்டோம். ஒவ்வோர் அன்பியமும் இப்படி ஒரு நோட்டு வைத்தால் என்ன?

இலாசரின் கல்லறைக்கு முன் ஆண்டவர் நின்றபோது, கல்லை அகற்றுங்கள் என்றார். மார்த்தா தடுத்தார்: நான்கு நாள் ஆகிவிட்டதே, நாற்றம் வீசுமே என்றார். மார்த்தாவின் கவலை நம் கவலைதான். மூடியிருந்தால் நாற்றம் தெரியாது. ஆனால் மூடியிருக்கும்வரை இலாசரும் வெளியே வர முடியாது. இலாசரை எழுப்பியவர் ஆண்டவர். கல்லை அகற்றும் வேலையை மட்டும் அங்கே நின்றிருந்த மனிதரிடம் விட்டார்.

போன வாரம் அந்தச் சிறுமியைப் பார்த்தேன். "இன்னும் நாத்தம் தெரியுதாம்மா?" என்று கேட்டேன். சற்றே யோசித்து, "இல்ல தாத்தா, பழகிடுச்சு" என்றாள்.

ஓராண்டுதான் ஆகியிருக்கிறது. அவளுக்கு வயது ஒன்பது.